எண்ணூறுக்கு அறுநூறு

வட்டத் தூண் முட்டையாகத் தெரிந்தது.

வரைபடக்காரன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். முட்டையேதான். காலையில் அவன் வரைந்து வைத்த பள்ளிக்கூடக் கட்டடத்தின் முன்வாசல் தூண்கள் பன்னிரண்டும், அவன் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவதற்குள், பக்கவாட்டில் உப்பிப் போயிருந்தன. எழுத்துகள் கட்டைவிரல் பருமனுக்கு வீங்கி, ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து நின்றன. வாங்கி மூன்றே நாளான இருபத்தேழு அங்குல மானிட்டர் அது. காலை முழுக்கப் பளிச்சென்று இருந்தது. இப்போது செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் எண்ணூறுக்கு அறுநூறு என்று ஒரே ஒரு அளவு. வேறு எதையாவது தேர்ந்தெடுக்கலாம் என்று பட்டியலை இறக்கினால் அதில் அந்த ஒரு வரியைத் தவிர எதுவும் இல்லை.

அது அவனே பூட்டிய கம்ப்யூட்டர். மதர்போர்டு முதல் விசிறி வரை ஒவ்வொன்றையும் சீல் பிரிக்காத பெட்டியில் வாங்கி, சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து, இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் பூட்டினான். மனைவியின் அண்ணன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். “கடையில பூட்டினதை வாங்கிட்டுப் போயேன் மாப்ளே, வேலியில போற ஓணானை எடுத்து எதுக்கு மடியில விட்டுக்கற?” என்று அவன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். இவன் கேட்கவில்லை. தன் வீட்டில் ஓடுகிற இயந்திரத்தில் தனக்குத் தெரியாத திருகாணி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒரு வீம்பு.

வீம்புக்குக் காரணமும் இருந்தது. இரண்டு மாதம் முன்பு அவர்களுடைய நான்கு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் சுண்டு, குழந்தைகள் காப்பகத்தின் திறந்து கிடந்த கேட் வழியாக வெளியே நடந்து போய்விட்டாள். நாற்பது நிமிஷம். கடைசியில் பேருந்து நிறுத்தத்தில், வருகிற பேருந்துகளின் நம்பரை உரக்கப் படித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எண்கள் கற்றுக்கொண்டிருந்த வயசு. கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த நாற்பது நிமிஷத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது, இன்னும் ஒட்டவில்லை. அலுவலகத்தில் சண்டை போட்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினான். பழைய லேப்டாப் பெரிய வரைபடங்களைத் திறக்கவே மூச்சு வாங்கியது. அதனால்தான் இந்தப் புதுப் பெட்டி. மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புவாள். அதுவரை சுண்டு அவன் பொறுப்பு. இனி அவளைத் தொலைக்கிற வேலையே இல்லை என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்ளாத நாள் கிடையாது.

மணி மூன்றரை இருக்கும். காலையில் பிடித்த மழை ஜன்னலை விட்டு நகரவில்லை. பகலே சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தது. மேஜைக்கு இடப்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் சுண்டுவின் அறை. அவள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். ஈரத் துணியின் வாடையும், புது பிளாஸ்டிக் சூடேறுகிற வாடையும், பெட்டிக்குள் விசிறிகள் ஒரே சுருதியில் இரைகிற சத்தமும் அறையை நிறைத்திருந்தன.

செய்ய வேண்டியதை எல்லாம் முறையாகச் செய்தான். பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் சொருகியிருக்கிறதா என்று பார்த்தான், சொருகித்தான் இருந்தது. கேபிளை மாற்றினான். கார்டையே கழற்றி, அதன் பல்வரிசையைத் துடைத்து, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினான். கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். ஒவ்வொரு முறையும் திரை கறுத்து, யோசிப்பது போல் சற்று நேரம் நின்று, மறுபடி அதே வீங்கிய எழுத்துகளோடு விழித்தது. ஒருமுறை, திரை கறுத்து விசிறிகள் நின்றுபோன நேரத்தில், இரைச்சல் மட்டும் நிற்காததைக் கவனித்தான். மெல்லிய இரைச்சல், இடப்பக்கத்திலிருந்து. மழையாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஐந்தரை மணி வரை தேடியும் கோளாறு அகப்படாமல், கடைசியில் மானத்தை விட்டு மச்சானுக்குப் போன் போட்டான்.

“என்ன மாப்ளே, புகைஞ்சுடுச்சா?” என்றுதான் மச்சான் பேச்சையே ஆரம்பித்தான்.

“புகையல. ரெசல்யூஷன் ஏற மாட்டேங்குது. எண்ணூறுக்கு அறுநூறுலயே நிக்குது. கேபிள் மாத்தியாச்சு, டிரைவர் மாத்தியாச்சு.”

“செட்டிங்ஸ்ல மேல ஒரு கட்டம் தெரியும் பாரு. அதுல என்ன நம்பர் போட்டிருக்கு?”

முதலில் பார்த்திருக்க வேண்டியது அது. பார்த்தான். “ஒரே கட்டம்தான். ஆனா உள்ள ஒண்ணு, ரெண்டுன்னு ரெண்டு நம்பர் இருக்கு.”

“அதானே பாத்தேன்! ரெண்டு ஸ்கிரீனுக்கு ஒரே படம் போயிட்டிருக்கு. அப்படிப் போனா, ரெண்டுல எது சின்னதோ அதோட அளவுக்குப் பெருசு இறங்கி வந்துதான் ஆகணும். குழந்தை கையைப் பிடிச்சுட்டு நடந்தா நாமளும் குட்டி அடிதானே வைக்கணும்? அந்த ரெண்டாவது ஸ்கிரீனைக் கழட்டிடு, சரியாயிடும்.”

“ரெண்டாவது ஸ்கிரீனே இல்லையே.”

“டிவி?”

“எங்க வீட்ல டிவி கிடையாது. உனக்குத் தெரியாதா?”

“பக்கத்து வீட்டு டிவி வைஃபைல வந்து ஒட்டியிருக்கும். அதை அணைச்சுட்டுப் பாரு. அப்பவும் போகலன்னா, ஒரே படத்தைக் காட்டாதே, ரெண்டையும் தனித்தனியா விரிச்சுப் போடு. எது எங்க இருக்குன்னு அப்ப தெரிஞ்சுடும். கடையில ஆள் நிக்கறாங்க, வைக்கறேன்.”

வைஃபையை அணைத்தான். கட்டத்துக்குள் இரண்டு எண்களும் அப்படியே இருந்தன. மறுபடி எழுந்து போய்ப் பெட்டியின் முதுகைத் தடவிப் பார்த்தான். மின்சார வயரைத் தவிர ஒரே ஒரு கேபிள், அது இந்த மானிட்டருக்கு வருகிறது. வேறொன்றும் இல்லை.

அப்படியானால் மதியத்திலிருந்து இந்தத் திரையில் தெரிந்ததெல்லாம் இன்னொரு இடத்திலும் தெரிந்திருக்கிறது. வரைபடம் போகட்டும். வரைபடத்தை மூடினால் பின்னணியில் திரை முழுக்க அவன் வைத்திருந்தது சுண்டுவின் படம்; முகம் மட்டும், பெரிதாக, இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிற படம். அதை யாரோ எங்கோ உட்கார்ந்து இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கவே அவனுக்குக் கூசியது.

‘தனித்தனியாக விரி’ என்பதை அழுத்தினான்.

திரை கறுத்து, விழித்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி: இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா? பதினைந்து வினாடியில் பழையபடி மாறிவிடும். பதினான்கு. பதின்மூன்று. ‘வைத்துக்கொள்’ என்று கொடுத்தான். அவ்வளவுதான், பட்டியல் மளமளவென்று நீண்டது. பெரிய அளவைத் தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் ஊசிமுனையாக இளைத்தன, பன்னிரண்டு தூண்களும் வட்டமாயின. அவன் வாய்விட்டே சிரித்துவிட்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கட்டங்கள் இப்போது இரண்டாகப் பிரிந்திருந்தன. வலது பக்கம் பெரிய கட்டம், ஒன்று. அதன் இடது விளிம்பில் ஒட்டிக்கொண்டு சின்னக் கட்டம், இரண்டு. எண்ணூறுக்கு அறுநூறு. அதைப் பிடித்து இழுத்து வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தான். விரலை எடுத்ததும் அது நகர்ந்து, இருந்த இடத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டது.

கீழே ‘அடையாளம் காட்டு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அந்தந்தத் திரையில் அதனதன் எண் பெரிதாகத் தெரியும். அழுத்தினான். அவன் மானிட்டரின் மூலையில் வெள்ளையாக ஒரு 1 எழுந்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுண்டுவின் குரல், தூக்கக் கலக்கமும் குஷியுமாக:

“அப்பா! ரெண்டு!”

அவன் கை மவுஸில் அப்படியே இருந்தது. கனவு காண்கிறாள். எண்ணைத் தவிர வேறு என்ன கனவு வரப்போகிறது அவளுக்கு? எண் மறையும்வரை காத்திருந்து, வறட்டுத் துணிச்சலில் இன்னொரு தரம் அழுத்தினான்.

“மறுபடி ரெண்டு வந்துடுச்சு!”

எழுந்து ஓடினான். அவள் மஞ்சள் கவுனோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் பொதுவான சுவர். படமோ, ஆணியோ, ஒரு கீறலோ இல்லாத வெறும் சுவர்.

“எங்கம்மா ரெண்டு?”

“போயிடுச்சு.” விரலால் சுவரைக் காட்டினாள். “முதல்ல சுண்டு இருந்தா.”

“எந்த சுண்டு?”

“நான். பெரிசா. சிரிச்சுட்டே இருந்தா. இப்போ அவ இல்ல, காலியா இருக்கு.” சொல்லிக்கொண்டே அவனுடைய காலுக்குப் பின்னால், கதவோரமாக எட்டிப் பார்த்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். இருட்டும் செருப்புகளும்தான் இருந்தன.

சுவரில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது, ரொம்ப நேரம் ஓடின மானிட்டரின் முதுகு மாதிரி. காதை வைத்தான். உள்ளே மெல்லிய ஒரு இரைச்சல், ஒரே சுருதியில், மழையோடு சேராமல் தனியாக.

“வாம்மா, அப்பா ரூமுக்குப் போகலாம்.”

“மாட்டேன். தூக்கம் வருது.” சுருண்டு படுத்துக்கொண்டாள். இழுத்தால் அழுவாள். ஒரு நிமிஷ வேலை, போய் அதை மூடிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தான். போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பி நடந்தான். சுவரைத் தொட்டுப் பார்த்தபின் அவளைக் கண் பார்வையிலிருந்து விட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

திரையில் அம்புக்குறியைக் காணவில்லை. மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்தான். வலப்பக்கம் நீளமாக இழுத்தபோது, இடது விளிம்பிலிருந்து அது மெல்ல உள்ளே வந்தது. எப்போது அந்தப் பக்கம் போனது? கை அதன்மேல் இல்லாத நேரத்திலா? பார்த்துக்கொண்டே இருந்தான். கையை எடுத்தான். அம்புக்குறி தானாக, கூச்சப்படுகிற குழந்தை மாதிரி விட்டு விட்டு நகர்ந்து, இடது விளிம்புக்குப் போய், சுவர்ப் பக்கம் இறங்கிவிட்டது.

அந்த அறையில் சிரிப்புச் சத்தம். சுண்டுவின் சிரிப்பு. அது முடிவதற்குள் இன்னொரு முறை, அதே சிரிப்பு. பிறகு தரையில் சின்னப் பாதங்கள் ஓடுகிற ஓசை. நான்கு பாதங்கள் ஓடுவது போல்.

வயரைப் பிடுங்கிவிடலாமா? கை பிளக் வரைக்கும் போனது. பிடுங்கினால் திரை அணையும், அவ்வளவுதான். திறந்தது திறந்தபடியே நிற்கும். மறுபடி போட்டாலும் இதே இரண்டு கட்டங்களோடுதான் விழிக்கும். முறைப்படி மூட வேண்டும். அதற்கு முன் அவளைத் தூக்கி வர வேண்டும்.

ஓடினான். அறை இருண்டிருந்தது. கட்டில் காலி. சுவருக்கு எதிரே, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தாள். அதே மஞ்சள் கவுன். பேசவில்லை, யோசிக்கவில்லை. பின்னாலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, காலால் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தான். மேஜை முன் உட்கார்ந்து அவளை மடியில் இறுக்கிக்கொண்டான். அவள் முகத்தை அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். அவளுடைய கனம்தான். அவளுடைய சூடுதான்.

“ஒண்ணுமில்லடா தங்கம். அப்பா இருக்கேன். இதோ மூடிடறேன்.”

‘ஒன்றில் மட்டும் காட்டு.’ அழுத்தினான்.

திரை கறுத்தது. விழித்தது. சின்னப் பெட்டி.

வைத்துக்கொள்ளவா? பதினைந்து.

“அப்பா.”

சுவருக்குள்ளிருந்து. அறையிலிருந்து இல்லை. சுவருக்கு உள்ளே.

பன்னிரண்டு.

“அப்பா, இங்க இருட்டா இருக்கு.”

சுண்டுவின் குரல். அழப்போகிற குரல். மடியில் இருப்பவளை இன்னும் இறுக்கிக்கொண்டான். அவள் அசையவில்லை.

பத்து.

கற்றுக்கொண்டுவிட்டது. மதியம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்து, சுவர் வழியாக அவள் பேச்சைக் கேட்டு, அவள் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டது. அவன் ஏமாற மாட்டான். அவள் இங்கே இருக்கிறாள். அவன் கையில் இருக்கிறாள்.

எட்டு.

“அப்பா, வாயேன். கதவு எங்கேன்னு தெரியல.”

மடியில் இருந்தவளின் சின்னக் கை நீண்டு, மவுஸ் மேலிருந்த அவன் கையின்மேல் படிந்தது. லேசாக.

ஆறு.

“அப்பா, ஒரு நம்பர் கூட இல்ல இங்க. அப்பா!”

சுவரில் தட்டும் சத்தம். சின்னக் கைகள்.

நான்கு.

அழுத்தினான். வைத்துக்கொள்.

“அப்—”

பாதிச் சொல்லில் நின்றது. இடப்பக்க இரைச்சலும் நின்றது. விசிறிகளின் சத்தம் மட்டும், மழை மட்டும். செட்டிங்ஸில் ஒரே கட்டம். அதற்குள் ஒரே எண். கையை நீட்டிச் சுவரைத் தொட்டான். சில்லிட்டிருந்தது.

அவனுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதான், அவள் தலையில் முத்தமிட்டான். தலைமயிரில் தூக்கத்தின் வியர்வை வாடை இல்லை. புது பிளாஸ்டிக் சூடேறின வாடை.

“சுண்டு?”

அவள் தோளைத் தட்டினான்.

“என்னைப் பாரும்மா.”

கழுத்திலிருந்து முகத்தை எடுத்து அவனைப் பார்த்தாள். மகளின் முகம்தான். ஆனால் கொஞ்சம் அகலம். மங்கலில் அப்படித் தெரிகிறது என்று மானிட்டரின் வெளிச்சத்துக்குத் திருப்பினான். புருவம் இருந்தது, அது மயிராக இல்லை, கறுப்புப் பூச்சாக, படி படியாக இறங்கியது. இமையில் மயிர் இல்லை. உதட்டுக்குக் கீழே இருக்கும் மச்சம் சதுரமாக இருந்தது. அவன் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான். மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்கு. எவ்வளவு கிட்டே போனாலும் அந்த முகம் அதற்குமேல் தெளியவில்லை.

அது சிரித்தது. பல் பல்லாக இல்லை. ஒரே வெள்ளைப் பட்டை.

வாசலில் சாவி திரும்பியது. “என்ன வீடே இருட்டா கிடக்கு?” என்று கேட்டுக்கொண்டே மனைவி குடையை உதறினாள். மடியில் இருந்தது சட்டென்று இறங்கி, நடைக்கு ஓடியது. அவன் அதன் பின்னால் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், காதை அதில் அழுத்தினான், நகத்தால் சுரண்டினான், அவள் பெயரைச் சொன்னான். சுவர் சுவராகவே இருந்தது.

“என் பட்டு! அம்மாவைத் தேடினியா?” என்று நடையில் அவள் குரல். அதை அள்ளித் தூக்கிக்கொண்டாள். இன்னொரு கையால் துழாவி விளக்கைப் போட்டாள்.

நல்ல வெளிச்சம். மனைவியின் தோளுக்கு மேலாக அது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதே அகல முகத்தோடு. அவள் நாள் முழுக்க நின்ற களைப்பெல்லாம் தீர, கண்களை மூடிக்கொண்டு, அதன் கன்னத்தில் அழுத்தி அழுத்தி முத்தம் வைத்துக்கொண்டிருந்தாள்.